நெஞ்சறியாத பொய்

"குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்காத மருத்துவர் இல்லை. நேராகப் பதில் சொல்லும் நோயாளிதான் அபூர்வம். "எப்பவாச்சும் டாக்டர்." "கல்யாணம், காரியம்னா கம்பெனிக்காக." "உடம்பு வலிக்கு, தூக்கம் வர்றதுக்கு." "முன்னாடி இருந்துச்சு, இப்ப விட்டாச்சு." பக்கத்தில் நிற்கும் மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். மருத்துவர் சீட்டில் எதையோ குறித்துக்கொள்வார். மூவருக்கும் விஷயம் தெரியும். மூவரும் தெரியாததுபோல அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் பதில்களில் ரொம்பவும் நேர்மையானதாகத் தோன்றுவது ஒன்று உண்டு: "ஒரு குவார்ட்டர்தான் டாக்டர், அதுக்கு மேல தொடமாட்டேன்." இதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தியிலும் விஸ்கியிலும் ஆல்கஹால் 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் உடம்புக்குள் போகிறது. குடிப்பழக்கத்தை அளந்து பார்க்க உலக சுகாதார நிறுவனம் 10 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கியிருக்கிறது. அதில் 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவு என்று வைத்துக்கொள்வார்கள். ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை தடவை குடிக்கிறீர்கள் என்பது அந்தத் தாளின் மூன்றாவது கேள்வி. ஆறு அளவு என்றால் ஒரு குவார்ட்டர். மருத்துவம் எதை அபாயக் கோடாகக் கருதுகிறதோ, அதைத்தான் இங்கே கட்டுப்பாட்டுக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் உண்மை வெளியே வரவில்லை.

இந்தச் சின்ன மறைப்புக்கு என்ன விலை என்பதை எந்தப் பெரிய மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டிலும் பார்க்கலாம். பைக்கில் இருந்து விழுந்து கால் எலும்பு உடைந்தவர் ஒருவரைச் சேர்க்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் கேட்கிறார்கள், "எப்பவாச்சும்" என்கிறார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு போர்வையில் இல்லாத பூச்சிகளைப் பொறுக்குகிறார். கூரையைப் பார்த்து யாரையோ அதட்டுகிறார். டிரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு உடைந்த காலோடு இறங்கப் பார்க்கிறார். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் அண்ணன். காத்து கருப்பு ஏதோ அண்டிவிட்டது என்கிறார் அம்மா. டியூட்டி டாக்டர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்: "உண்மையச் சொல்லுங்கம்மா, தினமும் குடிப்பாரா?" "தினமும்தான் சார். காலையிலயே ஆரம்பிச்சிடுவாரு." "சேர்க்கிறப்பவே சொல்லியிருக்கலாமே?" "அவரு பக்கத்துல இருந்தாரு சார்."

டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை இது. தினமும் குடித்துப் பழகிய மூளைக்குச் சாராயம் திடீரென்று நின்றுபோனால், இரண்டு மூன்று நாட்களில் இப்படிக் கொந்தளிக்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். முதல் நாளே தெரிந்திருந்தால் நடுக்கத்தை அடக்கும் மாத்திரையும் தயமின் ஊசியும் கொடுத்து இந்த அளவுக்கு வராமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே ஒருவர் பொய் சொல்கிறார். அதில் அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. லாபமில்லாத பொய்யை எதற்காகச் சொல்கிறார் என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் வழக்கம். குடிநோயாளி சொல்வதெல்லாம் ஒரே வகைப் பொய் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பொறுமையாகப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும்.

முதல் அடுக்கு, தெரிந்தே சொல்லும் பொய். பைக்கின் சைடு பாக்ஸ், கழிவறை ஃப்ளஷ் டேங்க், அரிசி மூட்டையின் அடி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவு என்று புட்டிக்கு இடம் தேடுவது. ஸ்ப்ரைட் பாட்டிலில் வோட்காவைக் கலந்து எல்லார் முன்னாலும் குடிப்பது. வீட்டு வாசலுக்கு வருமுன் ஹால்ஸ், பாக்கு, ஏலக்காய். "சம்பளம் இன்னும் போடல." "மாமா பையன் அவசரம்னு கேட்டான், கொடுத்துட்டேன்." இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏக்ரான் நகரத்தில் பாப் ஸ்மித் என்று ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் இருந்தார். நிலக்கரித் தொட்டி, அழுக்குத் துணிகளைக் கீழே தள்ளும் குழாய், நிலவறை உத்தரங்களின் மேல் பக்கம் என்று அவர் புட்டி ஒளிக்காத இடமில்லை. கடைசியில் சின்னச் சின்ன புட்டிகளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். நன்றாகத்தான் நடந்தது. ஒருநாள் மனைவியோடு 'டக்போட் ஆனி' என்ற சினிமாவுக்குப் போனார். அதில் நடிகர் வாலஸ் பீரி அதே வித்தையைச் செய்ய, காலுறைத் தந்திரம் அன்றோடு காலியானது. பிற்காலத்தில் தன் கதையை எழுதியபோது அவரே இதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நோயாளியின் வயிற்றைக் கத்தியால் திறக்கும் கை, காலையில் நடுங்காமல் இருக்கத் தூக்க மாத்திரையைத் தேடியது என்பதையும் மறைக்கவில்லை.

இந்த முதல் அடுக்குப் பொய் நமக்குக் கோபத்தை உண்டாக்கும். ஆனால் ஆபத்து குறைவு. சொல்கிறவருக்கு அது பொய் என்று தெரிகிறதே!

இரண்டாவது அடுக்கு அவரே நம்பும் பொய். "நினைச்சா நிறுத்திடுவேன்" என்பது அதன் மூல மந்திரம். சும்மா சொல்லமாட்டார், சாட்சியம் வைத்திருப்பார். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுவார். 41 நாள் விரதத்தில் ஒரு சொட்டுத் தொடமாட்டார். விடியற்காலைக் குளியல், கறுப்பு வேட்டி, சரணம். வீட்டில் அந்த நாட்கள் திருவிழா மாதிரி இருக்கும். பிள்ளைகள் அப்பாவிடம் பயமில்லாமல் கணக்குப் பாடம் கேட்கும். மலையிறங்கி வரும் வேனிலேயோ, மாலையைக் கழற்றிய அன்று மாலையிலேயோ புட்டி திறந்துவிடும். "பார்த்தீங்கல்ல, 41 நாள் இருந்தேன். அடிமைன்னா இருக்க முடியுமா?" விரதம் உண்மை, தேதி உண்மை, சாட்சிகள் உண்மை. உண்மையான செங்கற்களைக் கொண்டு கட்டிய பொய் என்பதால்தான் அதை அசைக்க முடிவதில்லை. நிறுத்த முடிந்தது என்பதை அவர் பார்க்கிறார். நிறுத்திய பிறகு நின்றபடி இருக்க முடியவில்லை என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. நோய் இருப்பதோ அந்த இரண்டாவது இடத்தில்.

இந்த அடுக்கின் இன்னொரு வேலை, தனக்குக் கீழே ஒருவரைக் கண்டுபிடிப்பது. ஏசி பாரில் குடிப்பவர், டாஸ்மாக் வாசலில் நின்று குடிப்பவரைக் காட்டுவார். அவர், ரோட்டோரம் வேட்டி அவிழக் கிடப்பவரைக் காட்டுவார். அவரும் தெளிந்தபின், "நான் என்ன பொண்டாட்டிய அடிக்கிறனா?" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுவார். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் ஒரு நியாயமான எதிர்பார்ப்பை வைக்கிறார். தான் குடிக்காதிருக்கும் நேரத்தில் குடித்துக் கிடக்கும் வேறொருவனைப் பார்க்கும்போது, தன் நிலையும் இப்படித்தானே என்று நினைக்கமாட்டானா என்று கேட்கிறார். நடைமுறையில் குடிநோய் அந்தக் காட்சியையும் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. கீழே கிடப்பவனைப் பார்த்து, நான் அவன் இல்லை என்று தேறிக்கொள்கிறது.

மூன்றாவது அடுக்கு பொய்யே இல்லை. "நேத்து ராத்திரி என்ன பண்ணீங்க தெரியுமா?" என்று மனைவி அழுகிறார். "நான் அப்படிப் பண்ணவே இல்ல" என்று கணவர் சாதிக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் அவர் மாட்டிக்கொண்டு மழுப்புவதாகத் தோன்றும். ஆனால் அதிகமான சாராயம் வேகமாக ஏறும்போது, நடப்பவற்றை நினைவாகப் பதிந்துவைக்கும் வேலையை மூளை நிறுத்திவிடுகிறது. ஆள் நடப்பார், பேசுவார், வண்டிகூட ஓட்டுவார். பதிவு மட்டும் நடக்காது. மறுநாள் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அங்கே எதுவும் எழுதப்படவே இல்லை. அவருக்குத் தெரிந்தவரை அந்த இரவு நடக்கவே இல்லை.

ஆண்டுக்கணக்கில் குடித்துச் சாப்பாட்டைக் கெடுத்துக்கொண்டவர்களுக்குத் தயமின் சத்துக் குறைந்து நினைவிழப்பு நிரந்தரமாகவே ஆகிவிடலாம். ரஷ்ய மருத்துவர் செர்கெய் கோர்சகோவ் 1887இல் இத்தகைய நோயாளிகளை விவரித்தார். வாரக்கணக்காகக் கட்டிலை விட்டு இறங்காதவரைக் காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், சந்தைக்குப் போனேன், இன்னாரைப் பார்த்தேன் என்று முகம் மாறாமல் சொல்வார். ஏமாற்றும் எண்ணம் அவரிடம் இல்லை. நினைவில் விழுந்த ஓட்டைகளை மனம் தானாகக் கதைகளால் அடைத்துக்கொள்கிறது. கதை கட்டியவருக்கே அது கதை என்று தெரியாது.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த நோய் நடந்துபோகும் பாதை புலப்படும். ஏமாற்றுவதில் தொடங்கி, ஏமாந்துபோவது வழியாக, எது உண்மை என்று அறியும் கருவியே பழுதாகிப்போவது வரை அது போகிறது.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் பொய்க்கு ஒரு தண்டனை சொல்கிறார். தன் நெஞ்சுக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பொய் சொன்னால், அந்த நெஞ்சே சொன்னவனைச் சுடும் என்கிறார். அறத்துக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. குடிநோயாளி விஷயத்திலும் முதலில் இந்தக் காவல் வேலை செய்கிறது. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸைக் குடித்துவிட்டு வந்த இரவில் நெஞ்சு சுடத்தான் செய்கிறது. எந்தப் பிரசங்கியும் அவரை அவர் அளவுக்குத் திட்டியிருக்கமாட்டார். ஆனால் அந்தச் சூட்டைத் தணிக்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். குடித்தால் அந்த நேரத்துக்குச் சுடாது. விடிந்ததும் இரண்டு மடங்காகச் சுடும். மறுபடி குடித்தாக வேண்டும். இப்படியே போனால் ஒன்று சூடு தாங்காமல் சாக வேண்டும், இல்லையேல் நெஞ்சுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, மனம் அவர்களைக் கேட்காமலே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே, வெட்கம் கெட்டவன் என்பதால் பொய் சொல்கிறான் என்று நாம் நினைப்பது பாதிக்கு மேல் தவறு. வெட்கத்தைத் தாங்க முடியாதவன்தான் அப்படிப் பொய் சொல்கிறான்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் யூயிங் 1984இல் வெளியிட்ட நான்கே கேள்விகள் உலகம் முழுக்க மருத்துவமனைகளில் புழங்குகின்றன. குறைக்க வேண்டும் என்று நினைத்தது உண்டா? குடியைப் பற்றி யாராவது சொன்னால் எரிச்சல் வந்தது உண்டா? குடிப்பதற்காகக் குற்ற உணர்ச்சி வந்தது உண்டா? கை நடுக்கம் தீரக் காலையில் எழுந்ததும் குடித்தது உண்டா? எவ்வளவு குடிக்கிறாய் என்று இவற்றில் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அளவைக் கேட்டால் பொய் வரும், வலியைக் கேட்டால் வராது. "உங்கப்பன் வீட்டுக் காசுலயா குடிக்கிறேன்?" என்று ஒருவர் சீறும்போது நமக்குத் திமிர் தெரிகிறது. யூயிங்கின் பட்டியலில் அது ஒரு நோய்க்குறி. எங்கே தொட்டால் சீறுகிறாரோ அங்கேதான் புண் இருக்கிறது.

குடிப்பவரின் பொய்யைப் பற்றிப் பேசிவிட்டு, குடிக்காதவர்களின் பொய்யைப் பேசாமல் விட்டால் கணக்கு நேராகாது. திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு ஃபோன் போட்டு, "அவருக்கு ஃபீவர் சார்" என்று சொல்வது யார்? கடன்காரர் வந்தால், "அப்பா ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார்? "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்" என்று சொல்லி, எதுவும் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பரிசோதனைக்கு வைப்பது யார்? 45 வயதில் கல்லீரல் சுருங்கிச் செத்தவருக்கு, "மஞ்சக் காமாலைதான், கவனிக்காம விட்டுட்டோம்" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் சொல்வது யார்? அன்பினாலும் மானத்துக்குப் பயந்தும்தான் இதெல்லாம் நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் குடியின் விளைவு குடித்தவரைத் தொடாமல் நடுவில் யாரோ வாங்கிக்கொள்கிறார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் நம்புவதற்கு வேண்டிய ஆதாரங்களை வீடே தயாரித்துக் கொடுக்கிறது.

இதன் உச்சம் ஒன்று நம் ஊர்ச் சுவர்களிலும் பஸ் முதுகுகளிலும் விளம்பரமாகவே இருக்கிறது. குடிப்பவருக்கே தெரியாமல் சோற்றிலோ காபியிலோ கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவாராம். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்கும் பெண்ணுக்குத் தெரியாது. 1940களின் பிற்பகுதியில் டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டறிந்த டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்டு. அதை எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். நோயாளி முழுக்கத் தெரிந்து சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்து, அவர் வழக்கம்போல் குடித்தால் உயிருக்கே உலைவைக்கலாம். பொய்யில் வளர்ந்த நோய்க்கு இன்னொரு பொய்யை மருந்தாகக் கொடுக்கும் யோசனை இது.

வீட்டுக்கு வெளியே வந்தாலும் கதை மாறுவதில்லை. தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை இருக்கிறது, அதே பெயரில் சோடாவும் தண்ணீரும் விளம்பரத்துக்கு வருகின்றன. சோடாவை விற்கத்தான் இத்தனை கோடி என்று எல்லாரும் நம்புவதாகப் பாவனை. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். மது கேடு என்று அச்சடித்த புட்டியை விற்று வரும் பணத்தில் பட்ஜெட் போடுகிறோம். "என்னால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்த முடியும்" என்று சொல்லிக்கொண்டே நிறுத்தாமல் இருப்பது தனி மனிதர் மட்டும்தானா என்பதை வாசகரே யோசிக்கலாம்.

ஆக, பொய்கள் சூழ்ந்த ஒரு வீட்டின் நடுவில் குடிநோயாளி உட்கார்ந்திருக்கிறார். அவரை எப்படி உண்மை பேசவைப்பது? நெடுங்காலம் மருத்துவ உலகத்துக்கே ஒரு பதில்தான் தெரியும். முகத்துக்கு நேரே ஆதாரங்களை வீசு, மறுப்பை உடை, நொறுங்கினால்தான் வழிக்கு வருவான். நம் வீடுகளில் சொந்தபந்தங்களைக் கூட்டி நடுக்கூடத்தில் உட்காரவைத்து நடத்தும் பஞ்சாயத்தும் இதே வகைதான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் திருப்பிப் போட்டார். மறுப்பு என்று நாம் சொல்வது குடிப்பவரின் குணம் என்பதைவிட, அவரிடம் பேசுகிறவர் பேசும் முறையில் இருந்து பிறப்பது என்றார். நீ குடிகாரன் என்று ஒருவர் வாதாடினால், இல்லை என்று வாதாடுவதைத் தவிர எதிராளிக்கு வேறு இடமே இல்லை. சொல்லச் சொல்ல அந்த இல்லையை அவரே நம்பவும் தொடங்கிவிடுகிறார். மில்லரும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மோதினாரோ, ஓராண்டுக்குப் பிறகு அந்த நபர் அவ்வளவுக்கு அவ்வளவு அதிகம் குடித்துக்கொண்டிருந்தார்.

இதைவிட வியப்பானது இன்னொன்று. லிண்டா சோபெல், மார்க் சோபெல் என்ற ஆய்வாளர் தம்பதி 1970களில் இருந்து ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்தார்கள்: குடிநோயாளிகள் தங்கள் குடியைப் பற்றிச் சொல்வதை நம்பலாமா? அவர்கள் சொன்னதை ஆவணங்களோடும் உறவினர் சொன்னதோடும் ஒப்பிட்டார்கள். கேட்கும் நேரத்தில் உடம்பில் ஆல்கஹால் இல்லாமல் இருந்து, சொல்வது வெளியே போகாது என்ற உறுதியும் கொடுக்கப்பட்டால், அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பொய்யே பேசுவார் என்று ஊர் முத்திரை குத்திய மனிதர்கள்! தெளிந்திருக்கும் நேரம், தண்டனை இல்லாத இடம் இரண்டும் கிடைத்தவுடன் உண்மை பேசினார்கள். அப்படியென்றால் உண்மை அவர்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. அதை வைக்கத்தான் இடம் இருக்கவில்லை.

ஏக்ரான் மருத்துவருக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். 1935 மே மாதம், அன்னையர் தினத்தன்று மாலை, நியூயார்க்கில் இருந்து வந்திருந்த பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரரைச் சந்திக்க அவர் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். பதினைந்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது என்பது நிபந்தனை. பேச்சு முடிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. குடியின் கேடுகளை ஒரு மருத்துவருக்கு விளக்க வில்சன் முயலவில்லை. தான் குடித்ததை, ஒளித்ததை, சத்தியம் செய்துவிட்டு மீறியதைச் சொன்னார். அன்று தனக்கே குடிக்க வேண்டும்போல் இருந்ததால்தான் இன்னொரு குடிநோயாளியைத் தேடி வந்ததையும் மறைக்கவில்லை. தன்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு சொன்ன பிறகு, எதிரில் இருந்தவருக்குக் காலுறைக்குள் எதையும் ஒளித்துவைக்கத் தேவைப்படவில்லை. அந்தச் சந்திப்பில் இருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இன்று தமிழ்நாட்டுச் சிறு நகரங்களிலும் மாதாகோயில் அரங்குகளிலோ பள்ளி அறைகளிலோ பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறார்கள். தாயிடமும் மனைவியிடமும் மருத்துவரிடமும் ஆண்டுக்கணக்கில் மறுத்த அதே விஷயம், அங்கே முதல் வாக்கியமாக வருகிறது. அதைக் கேட்டு யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. ஏனென்றால் அந்த அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அதைச் சொன்னவர்கள்.

உண்மை பேசுவதை நாம் பேசுகிறவரின் குணமாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். பேசத் துணிச்சல் வேண்டும் என்பது சரிதான். கேட்கிறவருக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு என்பதைக் குடிநோய் கற்றுத்தருகிறது. உண்மையைக் கேட்டவுடன் கை ஓங்குபவரிடமோ, ஊரைக் கூட்டுபவரிடமோ, வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்காட்டுபவரிடமோ யாரும் உண்மை பேசமாட்டார்கள். குடிக்காதவரும் பேசமாட்டார்.

இதைச் சொன்னவுடன், குடும்பத்தார்தான் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடி வாங்கியவர், நகையை அடகில் இழந்தவர், பிள்ளைகளோடு இரவில் வெளியே நின்றவர் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது அநியாயம். அவருக்கும் தனியாக ஆறுதலும் சிகிச்சையும் தேவை. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கியது அதனால்தான். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையமும், குடிப்பவரோடு குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுவதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்தது. புரிந்துகொள்வது வேறு, நம்புவது வேறு. "இனிமே தொடமாட்டேன், உன் தலைல அடிச்சுச் சத்தியம்" என்பதை நம்பி மறுபடி நகையைக் கழற்றிக் கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அடிக்கிறவரோடு பாதுகாப்பில்லாமல் இருக்க வேண்டிய கடமையும் இல்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. குடித்திருக்கும் இரவில் நியாயம் பேச வேண்டாம். தண்ணீரில் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொளுத்தித் தேடுவதற்கு ஒப்பானது அது என்று வள்ளுவர் சொல்லி எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. காலையில், தெளிந்தபின், தனியாகப் பேசலாம். குடித்திருப்பது தெரிந்தபிறகு "குடிச்சீங்களா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. பொய் ஒன்றைத் தவிர அந்தக் கேள்விக்கு வேறு பதில் வராது. "நேத்து சாப்பிடாம வாசல்லயே படுத்துட்டீங்க, சின்னவ பயந்து அழுதா" என்று கண்டதைச் சொன்னால், மறுக்க அங்கே ஒன்றும் இருக்காது. அவருக்காக ஆபீசுக்குப் பொய் ஃபோன் போடுவதை நிறுத்தலாம். மருத்துவரிடம், அவர் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடிக்கும் அளவை அப்படியே சொல்லிவிட வேண்டும். தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தவைப்பது ஆபத்து, அதை மருத்துவர் கண்காணிப்பில் செய்ய வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற இலவசத் தேசிய உதவி எண் இருக்கிறது. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர் வீட்டிலும், "அப்படி ஒண்ணும் பெருசா இல்ல" என்ற பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

பாப் ஸ்மித்தும் ஒரே சந்திப்பில் திருந்திவிடவில்லை. சில வாரங்களிலேயே, மருத்துவர் மாநாடு ஒன்றுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்து விழுந்தார். திரும்பி வந்தபோது மனைவியும் வில்சனும் அவரைத் தூற்றவில்லை, தெளியவைத்தார்கள். 1935 ஜூன் மாதம் ஒருநாள் கடைசியாகக் குடித்தார். அன்றே அறுவைச் சிகிச்சையை முடித்துவிட்டு வீட்டுக்கு வராமல், தன் குடி தெரிந்துவிடுமோ என்று யார் யாருக்கெல்லாம் பயந்தாரோ அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய் உண்மையைச் சொன்னார். 1950இல் சாகும்வரை அவர் குடிக்கவில்லை.

மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்தவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலே, "இன்னிக்குக் குடிச்சிட்டேன்" என்று சொல்லக்கூடும். கேட்டவுடன் வயிறு எரியும், "தெரியும், நீ திருந்தமாட்ட" என்று வாய் வரை வரும். ஆனால் அவர் மறுபடி குடித்தது பழைய செய்தி. அதை மறைக்காமல் வந்து சொன்னது புதிய செய்தி. அந்த ஒரு நிமிடத்தில் வீடு என்ன பதில் சொல்கிறதோ, அதைப் பொறுத்தே அடுத்த முறை அந்த வீட்டுக்கு உண்மை வருவதும் பொய் வருவதும். குடித்ததற்கு அவர் பொறுப்பேற்கட்டும், நாளைக் காலை மருத்துவரிடம் போகட்டும். உண்மையைச் சொன்னதற்காக மட்டும் அவரைத் தண்டிக்காதீர்கள்.